பல்லால் நிமிர்த்திய வாள்கள்

பிள்ளை படிக்கும் பள்ளியிலிருந்து பகல் பதினொரு மணிக்கு ஃபோன் வந்தால் உங்களுக்கு உடம்பில் எந்த இடம் முதலில் நடுங்கும்? நாற்பதுகளின் கடைசியில் இருக்கும் என் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். எனக்கு அடிவயிறு. போன மாதம் அப்படி ஒரு ஃபோன் வந்தது. நேரில் வாருங்கள், ஃபோனில் பேசும் விஷயம் இல்லை என்றார்கள். அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். பெரம்பூர் போய்ச் சேரும்வரை என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை எழுத மாட்டேன். பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

போனால், மேசைமேல் மூன்று பொம்மைகள். சுண்டுவிரலில் பாதி உயரம். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மேசையில் அடுக்கி ஆடும் ஏதோ போர் விளையாட்டுக்காக இந்தச் சின்னப் பொம்மைகளை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, நாலைந்து முடி மட்டுமே உள்ள தூரிகையால் வர்ணம் பூசுவாள். தோழியிடம் காட்டுவதற்காக மூன்றைப் பையில் போட்டு எடுத்துப் போயிருக்கிறாள். ஒரு வீராங்கனை, கையில் அவளைவிட நீளமான வாள். ஒரு குள்ளன், அவன் மார்பைவிட அகலமான கோடரி. மூன்றாவது ஏதோ பூதம். அது தூக்கியிருந்த சம்மட்டியின் தலை அதன் சொந்தத் தலையைப்போல இரண்டு மடங்கு.

பள்ளியின் மனநல ஆலோசகர் சின்னப் பெண். பரிவாகத்தான் பேசினாள். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா, கணவருக்கும் எனக்கும் சண்டை உண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்டாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"ஆயுதத்தோட சைஸைப் பாருங்க மேடம். உள்ள அடக்கி வெச்ச கோவம் இருக்கற பிள்ளைங்களுக்குத்தான் இந்த மாதிரி பொருள் மேல இழுப்பு வரும்."

என் மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று வரிசையாக நினைவில்லை. இரண்டு அறை தள்ளி இருந்த குமாஸ்தா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். பொம்மைகளை வாரிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்தப் பெண்ணிடம் மறுநாள் மன்னிப்புக் கேட்டாயிற்று. அவள்மேல் எனக்கு ஒன்றுமில்லை. நான் கத்தியது முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு இன்னொரு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இன்னொருவரிடம். அப்போது கத்தாமல் நின்றதற்கும் சேர்த்துக் கத்தினேன்.

எங்கள் வீடு ராயபுரத்தில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சந்தில் இருந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்போம். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். சாக்கைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கி எப்போதும் அவர் தோளில் தொங்கும். சட்டையில் பொத்தான் இருக்கிறதா என்றுகூடச் சில நாள் பார்க்கமாட்டார், கொக்கி இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டார். அம்மா டோல்கேட் பக்கம் ஒரு பழைய ஈயக் கிடங்கில் வேலை பார்த்தாள். அந்த வருடம் நான் ஏழாவது, தம்பி நான்காவது. இரண்டு பேரும் ஒரே பள்ளி.

அம்மாவின் கிடங்கைப் பற்றிச் சொல்லவேண்டும். கப்பலில் வரும் பழைய ஈயம் டிரம் டிரம்மாக அங்கே இறங்கும். குழாய்த் துண்டு, கேபிள் உறை, பாட்டரித் தகடு, எதிலிருந்து கழன்றது என்று தெரியாத கட்டிகள். ஐந்தாறு பெண்கள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து ஈயத்தைத் தனியாகவும் மற்றதைத் தனியாகவும் பிரிப்பார்கள். பிரித்த ஈயத்தைப் பின்கட்டில் பெரிய இரும்புச் சட்டியில் உருக்கிப் பாளமாக ஊற்றுவார்கள். அதில் பாதிக்குமேல் காசிமேட்டுக்குப் போய் மீன் வலையில் கட்டும் குண்டாகிவிடும். பிரிக்கும்போது சந்தேகமான துண்டு வந்தால் அதற்கு ஒரு சோதனை உண்டு. கடைவாயில் வைத்துக் கடிப்பார்கள். பல் பதிந்தால் ஈயம். பதியாவிட்டால் வேறு ஏதோ. அம்மா அதில் பேர்போனவள். இரண்டு டிரம் தள்ளி உட்கார்ந்திருப்பவர்கள்கூடத் துண்டை அவளிடம் நீட்டுவார்களாம், அவள் கடித்துப் பார்த்துச் சொல்வாளாம். அதை நாங்கள் சந்து முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

காலாண்டு விடுமுறை முடியும் சமயம், ஒரு மாலை, அம்மா வந்து உட்கார்ந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஐந்து பொம்மைகள் பாயில் விழுந்தன. சாம்பல் நிறம், மேலே கரி. அவற்றின் கனம்தான் முதலில் ஆச்சரியம். இத்துனூண்டு பொம்மை உள்ளங்கையை மூட்டைபோல அமுக்கியது. ஒரு டிரம்மைக் கவிழ்த்தபோது உள்ளே இவைதான் கொட்டினவாம், ஆயிரக்கணக்கில், ஒரு பட்டாளமே. எந்த ஊர்க் கம்பெனி எதற்காகச் செய்து எதற்காகக் கழித்துப்போட்டது என்று கிடங்கில் யாருக்கும் தெரியவில்லை. எல்லாம் ஈயம். எல்லாம் சட்டிக்குத்தான் போகப்போகிறது. அம்மா ஐந்தை முடிச்சுப் போட்டுக்கொண்டாள். மறுநாள் நான்கு. அதற்கு மறுநாள் ஆறு.

மஞ்சள் விளக்கின்கீழ் நாங்கள் அவற்றைப் பழந்துணியால் தேய்த்துப் பார்த்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. கொம்பு வைத்த தலைக்கவசம். பற்கள் தெரிய உறுமும் முகம். ஒருவன் பன்றி முகத்தோடு இருந்தான். அவர்கள் கையில் இருந்தவைதான் எங்களுக்கு விளங்கவில்லை. வாள் என்றால் பலகை அகலம். கோடரி என்றால் வாசல் கதவு. கதாயுதம் ஒன்றின் தலையில் இருந்த முள் ஒவ்வொன்றும் அதைப் பிடித்திருந்தவனின் காலைவிடத் தடிமன். நைனா ஒன்றை எடுத்து விளக்கருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார். எடை தூக்கிப் பிழைப்பவர் அல்லவா.

"இவன் இத்த ஒண்டி ஆளா தூக்க மாட்டான்டா. ரெண்டு பேரு வோணும், ஒரு பலகை வோணும். இந்த மாதிரி தூக்கினு நின்னான்னா நாளைக்கு இடுப்பு கையில வந்துரும்."

அதிலிருந்து வீட்டில் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. எந்தப் பொம்மை வந்தாலும் நைனாவிடம் காட்டுவோம். இவனுக்கு எத்தனை ஆள் வேணும் நைனா? அவர் தீர்ப்பு சொல்வார். சம்மட்டிக்காரனுக்கு மூன்று ஆள், ஒரு கிரேன்.

அந்த வாள்களில் ஒரு சிக்கல் இருந்தது. ஈயம் மெத்தென்ற உலோகம். வாள் அத்தனை பெரிதாக, அத்தனை கனமாக இருந்ததால் மணிக்கட்டுப் பக்கம் தாங்காமல் மடங்கிவிடும். அம்மாவின் முடிச்சிலிருந்து வரும்போதே பாதி வாள்கள் வாழைப்பழம்போல வளைந்திருக்கும். நைனாவின் குறட்டால் நிமிர்த்திப் பார்த்தேன். ஒன்று ஒடிந்தது, இன்னொன்றில் குறட்டின் பல் தழும்பாகப் பதிந்தது. அப்புறம் தம்பிதான் வழி கண்டுபிடித்தான். அம்மா பிள்ளை அல்லவா. வாளைக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே வைத்து, மெதுவாக அமுக்கி, கொஞ்சம் இழுத்து, மறுபடி அமுக்கி. வாள் கோடு பிடித்ததுபோல நேராக வரும்.

"லேசா இனிக்கிதுக்கா" என்றான்.

நான் ஒருமுறை செய்து பார்த்தேன். பல் கூசியது. எனக்கு அது பிடிக்கவில்லை. வேலையைப் பிரித்துக்கொண்டோம். எந்தப் பொம்மை எந்த வரிசையில் நிற்பது என்று முடிவு செய்வது நான். வாள் நிமிர்த்துவது அவன். பிரித்தது நான்தான். அக்கா சொன்னால் மறுபேச்சு பேசாத பிள்ளை அவன்.

தீபாவளிக்குள் எங்களிடம் முப்பதுக்குமேல் சேர்ந்துவிட்டது. ஒரு பழைய பிஸ்கட் டின்னில் துணி விரித்து அடுக்கியிருந்தோம். எடுத்து அடுக்கி, படையெடுத்து, திரும்ப டின்னில் போடுவதற்குள் வாள்கள் மறுபடி மடங்கும். மறுபடி அவன் வாய். கொஞ்ச நாளில் மடங்காவிட்டாலும் கடிக்க ஆரம்பித்தான். வாய்ப்பாடு படிக்கும்போது கன்னத்துக்குள் ஒரு கோடரி ஒதுங்கியிருக்கும். தூங்கும்போது நான் வாயிலிருந்து விரலால் எடுத்திருக்கிறேன். எச்சில் பட்டுப் பட்டு அந்த ஆயுதங்கள் மட்டும் வெள்ளிபோல மின்னும், உடம்பெல்லாம் கறுப்பாக இருக்கும். அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசி மழையோடு அவனுக்கு வயிற்றுவலி வந்தது. சுருண்டு படுப்பான். இரண்டு நாள் மூன்று நாள் வெளிக்குப் போகமாட்டான். விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் வயிற்றில் பூச்சி என்று மருந்து எழுதினார்கள். பூச்சி ஒன்றும் விழவில்லை. முகம் வெளுத்தது. யாராவது கூப்பிட்டால் எரிந்து விழுந்தான். அதுவரை சந்தில் அவனைத் தூக்கி வைத்துக் கொஞ்சாதவர்கள் கிடையாது. ஏழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னவன், நான்காம் வாய்ப்பாட்டில் தடுக்கி நின்றான். "ஏன்டா மக்கு, போன மாசம் சொன்னது எங்கடா பூட்ச்சி?" என்று அம்மா கேட்பாள். முதலில் வருத்தமாகக் கேட்டாள். பிறகு கையில் கரண்டியோடு கேட்டாள்.

பள்ளியில் பிரார்த்தனை வரிசையில் பல் பார்ப்பது உண்டு. தலைமையாசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். வெள்ளைச் சேலை, கையில் மர அளவுகோல். வரிசையில் வந்துகொண்டே ஒவ்வொருவரையும் வாயைத் திறக்கச் சொல்வார். தம்பியின் ஈறில், பல்லைத் தொட்டுக்கொண்டு, பென்சிலால் இழுத்ததுபோல ஒரு சாம்பல் நீலக் கோடு ஓடியது. பெரிய டீச்சர் அவனை மேடைக்கு ஏற்றி எல்லாரையும் பார்க்கச் சொன்னார். பல் விளக்காத வாய் இப்படித்தான் இருக்கும் என்றார். முந்நூறு பிள்ளைகள் பார்த்தோம். நானும் பார்த்தேன். அன்று சாயங்காலம் அம்மா கரித்தூளும் உப்பும் வைத்து அவன் ஈறில் ரத்தம் வரும்வரை தேய்த்தாள். கோடு போகவில்லை. அழுத்தித் தேய்க்காததால் போகவில்லை என்று மறுநாளும் தேய்த்தாள்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு அது நடந்தது. தம்பி டவுசர் பையில் ஒரு வாள்காரனைப் பள்ளிக்குக் கொண்டுபோயிருந்தான். பக்கத்தில் உட்காரும் பையன் அதைப் பிடுங்கப் பார்த்திருக்கிறான். தம்பி அதை அவன் முகத்தில் வீசியிருக்கிறான். வாள் முனை இமைக்குக் கீழே கீறிவிட்டது. ரத்தம். அந்தப் பையன் எங்கள் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியின் மகன்.

என்னையும் வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். கிடங்கிலிருந்து அம்மாவை வரவழைத்திருந்தார்கள். கை கழுவக்கூட நேரமில்லாமல் வந்திருந்தாள், நகமெல்லாம் கறுப்பு. மேசைமேல் அந்த ஒரு பொம்மை. பெரிய டீச்சர் அளவுகோலால் அதைத் தொட்டார்.

"ஆளைவிடக் கத்தி பெரிசா இருக்கே. ஏன்டா?"

தம்பிக்குத் தெரியவில்லை. யாருக்குத் தெரியும்? அவன் அதைத் தானே வார்த்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். அம்மா வேலை பார்க்கும் இடம் அவருக்குத் தெரியும். ஈயம் உருக்கும் வீட்டுப் பிள்ளை, ஈயத்தில் கத்தி செய்துகொண்டு வந்திருக்கிறான். அதுவும் இத்தனை பெரிய கத்தி. கத்தி செய்கிறவன் மனசு எப்படி இருக்கும் என்று அளவிலேயே தெரிகிறதே என்றார். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது ரத்தத்திலேயே இருக்கிறது என்றார். அதைச் சொல்லும்போது அவர் கோபப்படவில்லை, யாரோ இறந்ததைச் சொல்வதுபோலத் தணிவாகச் சொன்னார். காசிமேட்டில் வீட்டுக்கு வீடு முழ நீளக் கத்தி உண்டு, மீன் வெட்ட. அதை யாரும் ஆயுதம் என்று நினைத்ததில்லை. சுண்டுவிரல் பொம்மையின் வாள் அன்று ஆயுதமாகிவிட்டது.

இது எங்கிருந்து வந்தது என்று அம்மாவைக் கேட்டார். கிடங்கிலிருந்து எடுத்தேன் என்று சொன்னால் அம்மாவுக்கு மறுநாள் வேலை இல்லை. வெளியே போகும்போது முடிச்சை உதறிக் காட்டும் வழக்கம் அங்கே இருந்தது. எப்படியோ ஏமாற்றித்தான் எங்களுக்காகக் கொண்டுவந்தாள். அது எனக்கு அப்போதே புரிந்தது. அம்மா பொம்மையைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்க்காமல் சொன்னாள்.

"எங்க பொறுக்கினானோ டீச்சர். எனக்கு ஒண்ணும் தெரியாது."

சொல்லிவிட்டு அவனை அடித்தாள். மேசைக்கு முன்னால், கன்னத்தில், கறுப்பு விரல்கள் பதிய. பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?" தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். நான் சொல்வேன் என்று நம்பினான். அந்த முகம் எனக்கு இப்போதும் வரும்.

"தெரியாது டீச்சர்" என்றேன்.

எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஏனென்றால் அண்ணாச்சி வந்தார். கடையைச் சாத்திவிட்டு, கண்ணில் கட்டுப் போட்ட மகனோடு. எங்கள்மேல் பாயப்போகிறார் என்று அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவர் பெரிய டீச்சரிடம், "பிள்ளைய வெளிய அனுப்பாதிய டீச்சர், சின்னப் பயக்க, நாளைக்கே சேந்து விளையாடுவானுவ" என்றார். அடிபட்ட பிள்ளையின் அப்பாவே அப்படிச் சொன்ன பிறகு பெரிய டீச்சர் என்ன செய்வார்? ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார். தம்பியை வீட்டுக்கு அனுப்பினார்.

அந்த ஒரு வாரம் முடியவில்லை. மூன்றாம் நாள் நைனா பள்ளிக்குப் போனார். பிள்ளைக்காக இரண்டு வார்த்தை பணிவாகக் கேட்கத்தான் போனார். துறைமுகத்திலிருந்து வேலை முடித்து நேராகப் போனார், தோளில் கொக்கியோடு. அது தோளில் இருப்பது அவருக்கே தெரியாது. நமக்குக் காது இருப்பது நமக்குத் தெரியுமா? காவலாளி கேட்டில் தடுத்தான். ஏன் தடுக்கிறான் என்று புரியாமல் நைனா உள்ளே குரல் கொடுத்தார். பெரிய டீச்சர் வராந்தாவில் வந்து நின்று பார்த்தார். அவர் பார்த்தது வளைந்த இரும்புக் கூர், அதன் கீழே ஒரு கறுத்த ஆள். கத்தி செய்யும் பிள்ளையின் அப்பா ஆயுதத்தோடு வந்துவிட்டார் என்று முடிவாகிவிட்டது. மறுநாள் தம்பிக்கு டி.சி. கொடுத்தார்கள். நைனா அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் இன்னா பண்ணேன்?" என்று எங்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகக் கேட்டார். சாகும்வரை அவருக்கு அது தெரியவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

டி.சி. வந்த அன்றே அம்மா பிஸ்கட் டின்னைக் காலிசெய்து எல்லாவற்றையும் முடிந்துகொண்டு போனாள். வெளியே கொண்டுவந்த மாதிரியே உள்ளே கொண்டுபோய் டிரம்மில் போட்டுவிட்டாள். அந்த வாரமே சட்டியில் கரைந்திருக்கும். கொம்பு, பன்றி முகம், நைனா மூன்று ஆள் சொன்ன சம்மட்டி எல்லாம் ஏதோ ஒரு வலையில் குண்டாகிக் கடலுக்குள் போயிருக்கும். காலி டின்னில் அம்மா மிளகாய் போட்டு வைத்தாள். தம்பி அழவில்லை. வாசலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தான்.

வேறு பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே அவன் போய்ச் சேர்வதற்கு முன்பே அவன் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது. படிப்பு ஏறவில்லை. எட்டாவதில் நின்றான். மக்கு, முரடன், இரண்டு பட்டமும் அவனுக்கு நிலைத்தன. சொந்தக்காரர்கள், டீச்சர்கள், பிறகு வேலை கொடுத்தவர்கள். நான் படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணமாகிப் பெரம்பூர் வந்தேன். அவன் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறான். கல்யாணம் கூடவில்லை. டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கும். குடிக்கிறான் என்று பேச்சு. அவன் குடித்து நான் பார்த்ததில்லை.

அன்று பள்ளியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது, ஏன் அப்படிக் கத்தினாய் என்று மகள் அழுதுகொண்டே கேட்டாள். மாமாவிடம் இப்படிப் பொம்மைகள் இருந்தன என்று முதன்முறையாக அவளிடம் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தாள். ஆயுதத்தைச் சின்னதாகச் செய்தால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யார் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாதாம். மெல்லியதாகச் செய்தால் அச்சில் சரியாக வராதாம், வந்தாலும் ஒடிந்துவிடுமாம். அதனால்தான் வாளும் கோடரியும் பெரிது. அவ்வளவுதான் காரணம். கோபமும் இல்லை, ரத்தமும் இல்லை. ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குத் தெரிந்தது பெரிய டீச்சருக்குத் தெரியவில்லை. தெரியாதது தப்பில்லை, யாரையாவது கேட்டிருக்கலாம்.

பிறகு அவள் சும்மா கேட்டாள். "மாமாவோடது பிளாஸ்டிக்கா, மெட்டலாம்மா?"

"ஈயம்."

"ஐயோ, அத வாயில கீயில வெச்சீங்களா? அந்தக் காலத்து ஈயப் பொம்மையெல்லாம் விஷம்மா. இப்போ யாரும் ஈயத்துல பண்றதே இல்ல."

நான் ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் எங்களுக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றும் இல்லை, ஒரு கேள்வி மட்டும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வயிற்றுவலி இருந்ததா, மலச்சிக்கல் உண்டா, முகம் வெளுத்ததா, எரிச்சல், படிப்பில் திடீர் சரிவு? எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஈறில் நீலமாகக் கோடு ஏதாவது பார்த்த நினைவு உண்டா என்றார். முந்நூறு பேர் பார்த்தோமே டாக்டர், மேடையேற்றிக் காட்டினார்களே என்று சொல்ல வாய் வரவில்லை. அப்போது ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், இப்போது உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்றார். இருக்கலாம், அவ்வளவுதான் சொல்லலாம் என்றார். முப்பத்தைந்து வருடத்துக்கு எனக்குக் கிடைத்தது ஒரு 'இருக்கலாம்'.

அன்றிலிருந்து எனக்குள் எரிந்துகொண்டே இருக்கிறது. அவனை மேடையேற்றியவரைப் பார்த்து எரிகிறது. பூச்சி மருந்து எழுதிய கையைப் பார்த்து எரிகிறது. அந்தச் சட்டியின் புகை கிடங்கைச் சுற்றியிருந்த தெருக்களில் இறங்கியபோது ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. இன்றும் எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த மொட்டைமாடியில் துணி காய்கிறது, பிள்ளைகள் இருமுகிறார்கள், யாரும் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவதில்லை. பொம்மையின் வாள் பெரிதாக இருந்தால் கூப்பிடுகிறார்கள். வாளின் அளவை எல்லாரும் பார்த்தார்கள். அது எதில் செய்தது என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அந்த வேலையை அவனுக்குப் பிரித்துக் கொடுத்தவள் நான்.

தம்பியிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். போன ஞாயிறு ராயபுரம் போனேன். அவன் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். உள்ளே அம்மா சங்கரா மீன் உரசிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, ஸ்கூலாண்ட போய் சண்ட போட்டியாமே. பாப்பா சொல்ச்சி. நீயா அதுன்னு எனக்கு டவுட்டு" என்று சிரித்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். பொம்மை, ஈயம், ஈறில் கோடு, டாக்டர் சொன்ன 'இருக்கலாம்'. பிரித்துக் கொடுத்தது நான் என்பதையும் சொன்னேன். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. பிறகு கேட்டான்.

"அப்போ நான் மக்கு இல்லியா?"

"இல்லடா."

"அன்னிக்கு அவன் மூஞ்சில அட்ச்சது? அதுவும் அதாலயா?"

"இருக்கலாம்னுதான் சொல்றாரு."

நாற்பத்தைந்து வயது ஆள், நரைத்த மீசை. எழுந்து நின்றான், உட்கார்ந்தான். கையால் ஈறைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"யம்மா. இங்க வா. நான் மக்கு இல்லியாம். அக்கா டாக்டரயே கேட்டுகினு வந்துகீது."

அம்மா வந்து நிலைப்படியில் நின்றாள். கையெல்லாம் செதில். அவளிடம் கேட்பதற்கு நான் வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஏன் தெரியாது என்று சொன்னாய், ஏன் அடித்தாய், ஏன் ரத்தம் வரத் தேய்த்தாய்.

"உன்ன யாருடா மக்குன்னு சொன்னது?" என்றாள்.

நடிப்பு இல்லை. அவள் முகத்தை எனக்குத் தெரியும். நிஜமாகவே கேட்டாள். இருபது வருடத்துக்குமேல் தினமும் பல்லால் ஈயத்தைச் சோதித்தவள் அவள். போன வாரம் சொன்னது அவளுக்கு இந்த வாரம் நினைவில் இருப்பதில்லை. வயசு என்று நாங்கள் நினைத்திருந்தோம். கொண்டுவந்த கேள்விகளை விட்டுவிட்டேன். கோபம் மட்டும் விடவில்லை, போக இடமில்லாமல் உள்ளேயே சுற்றியது.

"பேரச் சொல்றா. எவனா இருந்தாலும் நான் போய் கேக்கறேன்."

தம்பி வலது கையைத் தூக்கினான். அது நடுங்கியது. சொன்னவர்களை எண்ணுவதுபோலச் சுண்டுவிரலை மடக்கினான். கொஞ்சம் யோசித்து மோதிர விரலை மடக்கினான். ஒரு பெயரும் சொல்லவில்லை. அம்மா ஈரக் கையோடு காத்துக்கொண்டு நின்றாள்.